தேன்பெட்டிக்கு யார் காவல்?



தேனீ வளர்ப்பவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். இனிமேல் வளர்க்க நினைப்பவர்களும் வந்திருக்கிறார்கள். பெட்டி வைக்கத் தங்கள் தோட்டத்தில் இடம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தேன் எடுப்பது எப்படி என்பது பலருக்குத் தெரியும். தேன்பெட்டியைக் காப்பாற்றுவது எப்படி? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் ஒரு காட்சியை மனத்தில் கொண்டு வாருங்கள்.

பங்குனி மாதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தேனீ வளர்க்கும் ஒருவர் அங்கே 20 பெட்டிகள் வைத்திருக்கிறார். தோட்டம் அவருடையது அல்ல. வீடும் பக்கத்தில் இல்லை. வாரம் ஒரு முறை வந்து பார்ப்பார்.

இன்று காலையில் வருகிறார். பெட்டிகளை எண்ணுகிறார். 17தான் இருக்கின்றன. மூன்று கால்கள் வெறுமையாக நிற்கின்றன. இன்னொரு பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. தேன் அடையை யாரோ பிய்த்து எடுத்திருக்கிறார்கள். புழு அடைகள் மண்ணில் கிடக்கின்றன. எறும்பு மொய்க்கிறது.

அந்த வழியே பால் வெட்டுத் தொழிலாளி ஒருவர் வருகிறார்.

“என்ன அண்ணே, பெட்டியை மாற்றிவிட்டீர்களா?”

“நான் எங்கே மாற்றினேன்? எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்.”

“ஐயோ! முந்தாநாள் ராத்திரி ஒரு வண்டி வந்து நின்றதே. உங்கள் ஆட்கள்தான் என்று நினைத்து நான் பேசாமல் இருந்துவிட்டேன்.”

நண்பர்களே, இந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். ‘உங்கள் ஆட்கள்தான் என்று நினைத்தேன்.’ கண்ணால் பார்த்த ஆள் ஒருவர் இருந்தார். ஆனாலும் பெட்டி போய்விட்டது. ஏன்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பெட்டி ஏன் ஊரை விட்டுப் போகிறது?

ஆடு மாடு வீட்டுத் தொழுவத்தில் நிற்கும். கோழி கூடையில் அடையும். தேன்பெட்டி அப்படி இல்லை. பூ எங்கே இருக்கிறதோ, அங்கே அது போக வேண்டும்.

மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பு பழைய தொழில். 1920களில் அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம் இந்தத் தொழிலை ஏழைக் குடும்பங்களிடம் பரப்பியது. இன்றும் பல குடும்பங்கள் இதை நம்பி வாழ்கின்றன. ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, இலைக் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீ அதைத்தான் தேனாக்குகிறது. அந்தக் காலத்தில் பெட்டிகள் ரப்பர் தோட்டங்களுக்குப் போகும். பக்கத்திலுள்ள கேரளத்துக்கும் போகும்.

வடக்கேயும் இதே கதைதான். பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலத்துத் தேனீ வளர்ப்பவர்கள் லாரியில் பெட்டிகளை ஏற்றுகிறார்கள். குளிர் காலத்தில் இராஜஸ்தானின் கடுகு வயல்களுக்குப் போகிறார்கள். பங்குனியில் பீகாரின் முசாபர்பூரில் லிச்சி மரங்கள் பூக்கும். அங்கே போகிறார்கள்.

ஆகவே பெட்டி இருப்பது பிறர் நிலத்தில். சுற்றிலும் இருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள். இரவில் காவல் கிடையாது. இதுதான் முதல் சங்கடம்.

இரண்டாவது சங்கடம் ஒன்று உண்டு. பகலில் தேனீக்கள் வெளியே மேயப் போகின்றன. இருட்டியதும் எல்லாம் கூட்டுக்குள் அடங்கிவிடும். எனவே பெட்டியை இடம் மாற்ற இரவுதான் சரியான நேரம். வாசலை அடைத்து வண்டியில் ஏற்றுவார்கள். உரியவர் செய்வதும் இதைத்தான். திருடன் செய்வதும் இதைத்தான். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

யார் கை வைக்கிறார்கள்?

பெட்டிக்குத் தீங்கு செய்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தேன் திருடுபவர். மேல்மூடியைத் திறப்பார். தேன் அறையில் உள்ள அடைகளை எடுப்பார். அவசரத்தில் மற்றதைக் கவிழ்த்துவிட்டுப் போவார். அவருக்கு வேண்டியது ஒரு பாட்டில் தேன். போவதோ ஒரு முழுக் கூட்டம்.

இரண்டாம் வகை, பெட்டியையே தூக்குபவர். கொட்டும் பூச்சி நிறைந்த பெட்டியைச் சாதாரண ஆள் தொட மாட்டார். வாசலை எப்படி அடைப்பது, எப்படி ஆடாமல் தூக்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதாவது, தேனீயைப் பற்றித் தெரிந்தவர். விற்கவும் அவருக்கு இடம் தெரியும்.

மூன்றாம் வகை, கல் எறிபவர், பெட்டியைத் தள்ளிவிடுபவர், தீ வைப்பவர். இவருக்குத் தேன் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். சிறுவர்கள் விளையாட்டாகச் செய்வார்கள். பெரியவர்கள் பயத்தால் செய்வார்கள். கோபத்தால் செய்பவர்களும் உண்டு. ‘குழந்தையைக் கொட்டிவிட்டது’ என்பார் ஒருவர். ‘தண்ணீர்த் தொட்டியில் வந்து மொய்க்கிறது’ என்பார் இன்னொருவர். ‘பூவின் சாற்றைக் குடித்து விளைச்சலைக் கெடுக்கிறது’ என்று நினைக்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள்.

பூட்டுப் போட்டால் இரண்டாம் வகைக்காரரைத் தடுக்கலாம். மூன்றாம் வகைக்காரரைப் பூட்டு தடுக்காது. அவரிடம் பேச வேண்டும்.

ஒரு பெட்டி போனால் போவது என்ன?

மரப்பெட்டிக்கு ஒரு விலை உண்டு. தச்சரிடம் சொன்னால் வேறு செய்து தருவார். உள்ளே இருக்கும் கூட்டத்தை எந்தத் தச்சர் செய்து தருவார்?

ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு ராணி. ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள். பூ இல்லாத மழைக் காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்து வளர்த்தவை. அந்தச் செலவும் உழைப்பும் பல மாதத்தது. அதன் பலன் கிடைப்பது சில வாரங்கள்தான். திருட்டும் அந்தச் சில வாரங்களில்தான் நடக்கிறது. அப்போது கூட்டம் போனால் அந்த ஆண்டு வருமானமே போனது. கடன் வாங்கிப் பெட்டி வாங்கியவருக்கு கடன் மட்டும் மிஞ்சும்.

கூட்டத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னிந்தியா ஒரு முறை கண்டிருக்கிறது. 1991, 1992 ஆண்டுகளில் ‘தாய் சாக்புரூட்’ என்ற நச்சுயிரி நோய் பரவியது. இந்தியத் தேனீயின் புழுக்கள் பை போல உப்பிச் செத்தன. பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. வெறும் பெட்டிகள் திண்ணையில் கிடந்தன. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் மீண்டும் தழைத்தது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட செல்வம் இது.

என்ன செய்யலாம்?

ஒன்று: இடத்தைப் பார்த்து வையுங்கள்.

சாலையில் போகிறவர் கண்ணில் பெட்டி படக்கூடாது. வண்டி நேராகப் பெட்டி அருகே வரவும் கூடாது. அதற்காக ஆள் நடமாட்டமே இல்லாத மூலையிலும் வைக்கக்கூடாது. அங்கே திருடனுக்கு வசதி. தோட்டக்காரர் வீடு, கிணற்றடி, ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை ஆகியவற்றிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம் நல்லது. பெட்டியின் வாசல் நடைபாதையைப் பார்த்து இருக்கக்கூடாது. முன்னால் ஆள் உயர வேலி இருந்தால் தேனீக்கள் மேலே எழுந்து பறக்கும். போகிறவர் முகத்தில் மோதாது.

இரண்டு: கட்டி வையுங்கள்.

இந்தியத் தேனீப் பெட்டியை ஒற்றைக் காலில் வைப்பது வழக்கம். அந்தக் காலை ஆழமாக நட வேண்டும். காலோடு அடிப்பலகையை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பெட்டியைச் சுற்றி இரும்புப் பட்டையோ சங்கிலியோ போட்டுப் பூட்டலாம். பல பெட்டிகளை ஒரே சங்கிலியில் கோத்துப் பக்கத்து மரத்தோடு கட்டுவதும் உண்டு. பூட்டு திருடனை முழுதாகத் தடுத்துவிடாது. ஆனால் நேரம் பிடிக்கும். சத்தம் வரும். திருடனுக்கு இரண்டும் பிடிக்காது.

முள்கம்பியில் மின்சாரம் மட்டும் பாய்ச்சவே கூடாது. தேனில் விஷம் கலந்து வைப்பதும் கூடாது. இரண்டும் உயிரைக் குடிக்கும். சாவது விறகு பொறுக்க வந்த பெண்ணாகவோ, பந்து தேடி வந்த குழந்தையாகவோ இருக்கலாம். பெட்டி இழந்தவர் அப்போது கொலைக் குற்றவாளியாகி நிற்பார்.

மூன்று: அடையாளம் இடுங்கள்.

பெயிண்டில் எழுதியதைச் சுரண்டிவிடலாம். காய்ச்சிய கம்பியால் சூடு போட்ட எழுத்து அழியாது. பெயரின் முதல் எழுத்தும் ஊரின் முதல் எழுத்தும் போதும். கூடவே பெட்டியின் எண். வெளியே மட்டும் போட்டால் போதாது. அடிப்பலகையின் கீழே, மேல்மூடியின் உள்ளே, ஒவ்வோர் அடைச் சட்டத்தின் மேல்கட்டையிலும் போட வேண்டும். ஏனென்றால் சிலர் பெட்டியை விட்டுவிட்டு அடைகளை மட்டும் எடுத்துப் போய்த் தங்கள் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள்.

நான்கு: எழுதி வையுங்கள்.

எழுதப் படிக்கக் கற்றதன் பயன் இங்கே தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம். இப்படி எழுதலாம்:

பெட்டி எண்: 14
வைத்த நாள்: தை 20
இடம்: கிணற்றுக்கு வடக்கே, இரண்டாம் வரிசை
பார்த்த நாள்: பங்குனி 3
அடைகள்: 6. ராணி இருக்கிறது. தேன் அறை பாதி நிறைந்தது.

இதற்கு ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து வரியும் நாளைக்குச் சாட்சி சொல்லும். ‘இருபது இருந்தது என்று நினைக்கிறேன்’ என்று சொல்பவர் பேச்சு எடுபடாது. ‘14ஆம் எண், கிணற்றுக்கு வடக்கே, பங்குனி 3ஆம் நாள் பார்த்தேன்’ என்று நோட்டைக் காட்டுபவர் பேச்சு எடுபடும். கைப்பேசி இருந்தால் பெட்டியையும் அடையாளத்தையும் படம் எடுத்து வையுங்கள். பெட்டி வாங்கிய ரசீதை இந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

மத்திய அரசின் தேசியத் தேனீ வாரியம் 2021இல் ‘மதுகிராந்தி’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. தேனீ வளர்ப்பவர்கள் அதில் தங்கள் பெயரையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் பதிவு செய்யலாம். அதுவும் ஒரு சான்று.

ஐந்து: சொல்லிவிட்டு வையுங்கள், சொல்லிவிட்டு எடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். காலையில் பார்த்த காட்சியை நினைத்துப் பாருங்கள். பால் வெட்டுத் தொழிலாளி நல்லவர். வண்டியையும் பார்த்தார். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டார்.

பெட்டி வைக்கும் அன்றே தோட்டக்காரரிடம் மட்டும் பேசினால் போதாது. பால் வெட்டுபவர், புல் அறுக்க வருபவர், பக்கத்து வீட்டார், டீக்கடைக்காரர் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ‘என் பெட்டியை எடுப்பதானால் முதல் நாளே உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். நான் சொல்லாமல் யாராவது எடுத்தால் அது திருட்டு. உடனே எனக்குப் போன் செய்யுங்கள்.’ எண்ணை எழுதிக் கொடுங்கள். சொன்ன சொல்லையும் காப்பாற்றுங்கள். ஒரு முறை சொல்லாமல் எடுத்தாலும், அடுத்த முறை அவர் சந்தேகப்பட மாட்டார்.

தோட்டக்காரரிடம் ஒரு சிறிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். எத்தனை பெட்டி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, அவருக்கு எவ்வளவு தேன். தேன் எடுக்கும் நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் கொஞ்சம் கொடுங்கள். தேனை ருசி பார்த்த வீட்டிலிருந்து கல் வருவது அரிது.

ஆறு: பயத்தைப் போக்குங்கள்.

கோடையில் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். அருகில் கிடைக்காவிட்டால் அது வீட்டுக் குடத்தைத் தேடிப் போகும். பெட்டி அருகே அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்துக் கூழாங்கல் போடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். தேன் எடுக்கும் நாளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கொட்டிவிட்டால் அங்கிருந்து உடனே விலகி, கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதையும் சொல்லிக் கொடுங்கள்.

விளைச்சல் கெடும் என்று பயப்படும் விவசாயியை ஒரு நாள் வயலுக்கு அழைத்துப் போங்கள். தேனீ பூவிலிருந்து பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டு போவதைக் காட்டுங்கள். கடுகு, சூரியகாந்தி, பூசணி போன்ற பயிர்கள் நன்றாகக் காய்ப்பிடிக்க தேனீ உதவுகிறது. தேனீக்கு ஊறு செய்தால் நட்டம் அவருக்கும்தான். பள்ளி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கும் இதைக் காட்டலாம். ஒரு முறை கூட்டை அருகில் பார்த்த சிறுவன் மறுநாள் கல் எறியும் தோழனைத் தடுப்பான்.

இவ்வளவுக்குப் பிறகும் நடந்துவிட்டால்?

முதலில் உயிரோடு இருப்பதைக் காப்பாற்றுங்கள். சிதறிய அடைகளை அப்படியே படம் எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் திரும்ப வையுங்கள். வாசலைச் சிறிதாக்குங்கள். சிந்திய தேனைக் கழுவுங்கள். இல்லாவிட்டால் எறும்பும் வேறு கூட்டத்துத் தேனீக்களும் வந்து மிச்சத்தையும் கொள்ளையடிக்கும். மாலையில் சர்க்கரைப் பாகு வையுங்கள். நான்கு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். தேனீயின் முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும். அப்போதும் முட்டை தெரிந்தால் ராணி பிழைத்திருக்கிறது. முட்டையும் இல்லை, ராணி அறையும் கட்டவில்லை என்றால், அந்தக் கூட்டத்தை வேறொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

காணாமல் போன பெட்டியின் இடத்தையும் கவனியுங்கள். வெறும் காலைச் சுற்றித் தேனீக்கள் பல நாளும் வட்டமிட்டால், அது ஒரு துப்பு. பெட்டியை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வைத்திருந்தால், மேயப் போன தேனீக்கள் பழைய இடத்தைத் தேடி வரும். இது சாட்சி ஆகாது. தேட வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டும். சந்தேகப்பட்டவரை அடிப்பதும் கட்டி வைப்பதும் குற்றம். அதைச் செய்யாதீர்கள்.

காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பெட்டியை உடைத்து நாசம் செய்வது 324ஆம் பிரிவில் வரும். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தால், அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். வெளியூரில் நடந்த திருட்டுக்கும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது உதவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். திருடுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் நடைமுறை வேறு. வழக்கின் கடுமையும் குறையும். ஆகவே மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கூட்டியும் சொல்லாதீர்கள். பெட்டி எவ்வளவு, கூட்டம் எவ்வளவு, கால் எவ்வளவு, அறையில் இருந்த தேன் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் அங்கே கை கொடுக்கும்.

வாங்குபவர் இல்லாவிட்டால் திருடன் இல்லை

கடைசியாக, கசப்பான ஒரு செய்தி. திருடிய பெட்டி எங்கே போகிறது? அதை வாங்குபவர் யார்? மளிகைக் கடைக்காரர் வாங்க மாட்டார். ஜவுளிக் கடைக்காரர் வாங்க மாட்டார். தேனீ வளர்க்கும் இன்னொருவர்தான் வாங்குவார்.

பாதி விலைக்கு ஒருவர் பெட்டி தருகிறார். ரசீது இல்லை. சட்டத்தில் வேறு யாருடைய எழுத்தோ இருக்கிறது. அல்லது மரத்தைச் சீவிய புது அடையாளம் இருக்கிறது. அங்கே கையை நீட்டுபவர் இன்னொரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பை வாங்குகிறார். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றமே. கூடவே, எந்த நோயுள்ள கூட்டம் என்றும் தெரியாது. தன் பெட்டிகளுக்கும் நோயை விலை கொடுத்து வாங்கியவர் ஆகிவிடுவார்.

ஆகவே ஊரில் உள்ள தேனீ வளர்ப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள். ரசீது இல்லாத பெட்டியை எவரும் வாங்குவதில்லை. ஒருவர் பெட்டி காணாமல் போனால் அன்றே எல்லோருக்கும் செய்தி போக வேண்டும். ஒரே தோட்டப் பகுதியில் பெட்டி வைத்திருப்பவர்கள் முறை போட்டு எல்லாப் பெட்டிகளையும் பார்த்து வர வேண்டும். வாரம் ஒரு முறை ஏழு பேர் தனித்தனியாகப் போவதற்குப் பதில், நாளைக்கு ஒருவர் போனால் தினமும் காவல் இருக்கும். செலவு ஒன்றுதான்.

தேனீயைப் பாருங்கள். கூட்டின் வாசலில் காவல் தேனீக்கள் எப்போதும் நிற்கின்றன. அவை சில தேனீக்கள்தான். அவை காப்பது எல்லாத் தேனீக்களின் தேனையும். பெட்டிக்குள் இருக்கும் அந்த ஏற்பாடு பெட்டிக்கு வெளியேயும் வரட்டும்.

பேசிப் பார்க்க

1. பால் வெட்டுத் தொழிலாளி வண்டியைப் பார்த்தும் ஏன் பேசாமல் இருந்தார்?
2. பெட்டியின் உள்ளேயும் அடையாளம் இடுவது ஏன்?
3. உங்கள் ஊரில் தேன்பெட்டியைக் கண்டு பயப்படுபவர்கள் இருக்கிறார்களா? அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?
4. உங்களிடம் உள்ள ஒரு பெட்டிக்கு, அல்லது ஓர் ஆட்டுக்கோ மாட்டுக்கோ, மேலே காட்டியபடி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.